வலிக்காத கவசம்

செல்லையா மாமா சட்டையைக் கழற்றினால் இடது அக்குளுக்குக் கீழே ஒரு தழும்பு தெரியும். பிறை வடிவம், விரல் நீளம். யாரும் கேட்காமலே காட்டுவார். எல்லை வீரன் வேஷம் போட்டு மேட்டுக்காட்டுக்கு ஏறியபோது தகரக் கவசம் அறுத்த இடம் அது. அவருக்குப் பிறகு அந்த வேஷத்தைப் போட்டுவந்த சிவசாமி அண்ணனுக்கு இரண்டு பக்கமும் தழும்பு உண்டு. எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் இதை வீரன் போட்ட முத்திரை என்பார்கள். எனக்கு அது மோசமாக வெட்டிய தகரமாகத்தான் தெரிந்தது.

ஆடித் திருவிழாவில் லயத்துக் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பும். முன்னால் உறுமி மேளம், அடுத்து வீரன் வேஷம், அதற்குப் பின்னால்தான் அம்மன் கரகம். மேட்டுக்காட்டின் தேயிலைச் செடிகளுக்கு நடுவே செங்குத்தாக ஏறி, எஸ்டேட்டின் எல்லையில் பெரிய மரத்தடியில் நட்டிருக்கும் வீரன் கல்லுக்குப் போய்ச் சேரவேண்டும். கவசத்தை மாட்டிச் சூடம் காட்டிவிட்டால் மேலே பூசை முடிகிறவரை கழற்றக்கூடாது. வேறு யாரும் அதைத் தொடவும் கூடாது. நழுவினாலும் அறுத்தாலும் போட்டவர்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சிவசாமி அண்ணன் இந்த வருஷம் ஈப்போவிலிருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டார். கோயில் கூட்டத்தில் அடுத்தது யார் என்று கேட்டபோது இளைஞர்கள் எல்லோரும் கைப்பேசியைப் பார்த்தார்கள். தழும்பை எல்லோரும் பார்த்து வளர்ந்தவர்கள்தானே.

"ஆளில்லன்னா விடுங்க," என்றார் செல்லையா மாமா. கோயில் தலைவர் அவர்தான். "வீரன் படத்த லோரியில வச்சு ரோட்டு வழியா கொண்டு போயிடலாம்."

"நான் போடுறேன் மாமா," என்றாள் தவமலர் அக்கா.

அக்கா என் கூடப்பிறந்தவள், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கொழுந்து வெட்டும் இயந்திரத்தை இரண்டு பேர் இரண்டு முனையிலும் பிடித்துக்கொண்டு செடிகளின் மேல் நடப்பார்கள். அதில் ஒரு முனை அவளுடையது. அகன்ற தோள், கனத்த இடுப்பு. கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை. அதனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீயா? பொம்பளப் பிள்ளையா?"

"அந்த மேட்ட வாரம் பூரா மிஷினத் தூக்கிக்கிட்டு ஏறுறவ நான். வீரன் வருஷத்துக்கு ஒரு தடவதான் ஏறுறாரு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பூசாரி குகனேஸ்வரன் திரிங்காப்பில் பூத்தோட்டத்தில் வேலை செய்கிறவன், என் வயதுக்காரன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கல்லுக்கு ஆம்பள பொம்பள தெரியாது தலைவரே. கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல," என்றான்.

செல்லையா மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "சரி. ஆனா ஒன்னு. நடுவுல கழட்டுனா அதோட முடிஞ்சிச்சு. அடுத்த வருஷத்துலேர்ந்து படந்தான், லோரிதான். வீரன் வேஷத்த நிறுத்துனது தவமலருன்னு ஊரு சொல்லும். பாத்துக்க," என்றார்.

"பாத்துக்கிறேன்லா மாமா."

வீட்டுக்கு நடக்கும்போது அவள் என் பக்கம் திரும்பினாள். நான் அவள் வீட்டில்தான் இருக்கிறேன்.

"தம்பி, கவசம் நீதான் செஞ்சு குடுக்கணும்."

"ஏன் நானு?"

"நீதான் பகல்ல சும்மா கெடக்குற."

"நைட்டு சிப்டு பாத்துட்டுத் தூங்குறேன்க்கா."

"அதான் சும்மா."

பாலிடெக்னிக்கை இரண்டாவது செமஸ்டரில் விட்டுவிட்டு வந்து தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறேன். இலையை உலர்த்துகிற மாடியில் விடியும்வரை கொழுந்தைப் புரட்டிப் போடுவது. பேச ஆள் கிடையாது. எனக்கு அது பிடிக்கும். பகலில் தூக்கம் வராது. அக்கா சொன்னதில் தவறில்லை.

மறுநாள் கோயில் அறையைத் திறந்து தகரக் கவசத்தை எடுத்துப் பார்த்தேன். நெஞ்சுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. பழைய எண்ணெய்த் தகரத்தை நிமிர்த்தி அடித்தது. மேலே தங்கத் தாள். விளிம்பை மடிக்கவில்லை. கை போகும் இடத்தை நேராக, பெட்டியின் ஓரம் மாதிரி வெட்டியிருந்தார்கள். கையைத் தொங்கவிட்டு நிற்கிற பொம்மைக்கு அது பொருந்தும். அரிவாளைத் தலைக்கு மேல் ஓங்கி ஆடுகிறவன் ஒவ்வொரு தடவை ஓங்கும்போதும் அக்குளைத் தானே தகரத்தில் கொண்டுபோய்த் தேய்க்கிறான். இதில் வீரன் செய்ய ஒன்றுமில்லை.

தகரம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அட்டையும் ஆகாது, ஆடி மாதத்தில் மழை எந்த நிமிஷமும் வரும். என் சிநேகிதன் மகேன் காய்கறி லோரி ஓட்டுகிறவன். அவனிடம் பெரிய பிளாஸ்டிக் தோங்கு ஒன்று வேண்டும் என்றேன். பிரிஞ்சாங் கடையொன்றிலிருந்து ஆள் உயர நீலப் பீப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். சீனர்கள் கடுகுக்கீரையை உப்பில் ஊறப்போட்டுக் கியாம்சாய் செய்கிற பீப்பாய். மூடியைத் திறந்ததும் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னாடா இது, வீரன் கியாம்சாய் வாடையோட போகணுமா?"

"விஷ மருந்துத் தோங்குதான் தோட்டத்துல கெடைக்கும். அத ஒடம்புல மாட்டுவியா?" என்றான் மகேன். "இது தின்ற சாமான் இருந்த தோங்கு. கழுவுனா போயிடும்."

புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம். முழுதாகப் போகவில்லை. வெயிலில் வைத்தபோது பாதி போனது.

பீப்பாயின் நல்ல குணம், அது ஏற்கெனவே வளைந்திருப்பது. மனித உடம்பும் அப்படித்தான் வளைந்திருக்கிறது. பக்கவாட்டில் அறுத்து நெஞ்சுக்கு ஒரு பலகை, முதுகுக்கு ஒன்று எடுத்தேன். தொழிற்சாலை பிட்டரிடம் சூடான காற்று ஊதும் துப்பாக்கியை இரவல் வாங்கினேன். பிளாஸ்டிக் பளபளப்பாகி நெகிழத் தொடங்கும்போது மணல் மூட்டையின் மேல் போட்டு அழுத்தினால் சொன்னபடி வளையும். நெஞ்சுப் பக்கத்தை எப்படி வளைப்பது என்று கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கரித்துண்டை வாங்கி அவளே கோடு போட்டுக் கொடுத்தாள். "இங்க மேடு, இங்க பள்ளம். ரோடு போடுற மாதிரி போடு, யோசிக்காத."

முதல் தடவை மாட்டியபோது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. கழுத்தைத் திருப்பினால் தாடை இடித்தது.

"தம்பி, நான் ஆமையாடா?"

எங்கே இடிக்கிறது என்று கேட்டால், "இங்கதான், அங்கதான்" என்று உடம்பு முழுக்கக் காட்டினாள். வலிக்கிற இடத்தை வாயால் சொல்லிவிட முடியாது. அதனால் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து விளிம்புகளின் உள்பக்கம் முழுவதும் பூசினேன். அவள் எப்போதும் போடுகிற கறுப்பு ஸ்வெட்டரின் மேல் கவசத்தை மாட்டி, "இப்ப வேல செய்," என்றேன்.

"என்னா வேல?"

"மிஷினத் தூக்கு. குனி. திரும்பு. மேட்டுல ஏறு. அரிவாள ஓங்கு."

லயத்து வாசலில் அவள் இல்லாத இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். இல்லாத மேட்டில் ஏறினாள். பக்கத்து வீட்டு யுவனேஸ்வரி துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள். கழற்றியதும் கறுப்பு ஸ்வெட்டரில் வெள்ளைக் கோடுகள் இருந்தன. எங்கே கோடு அழுத்தமோ, அந்த விளிம்பை வெட்டினேன். மறுபடி பூசி, மறுபடி நடக்கவிட்டேன். கோடு மங்கினால் சரி. பக்கத்தில் புதிதாக வந்தால் அங்கேயும் வெட்டு.

"திருநீறு பூசிப் பூசி என் ஸ்வெட்டரு சாமியாராயிடுச்சு," என்றாள் அக்கா.

கையிடம், அதாவது கை நுழைகிற வளைவு, முதலில் வெட்டியதைவிட இரண்டு மடங்கு அகலமாகிவிட்டது. கையை முன்னால் கொண்டுவரும்போதுதான் அதிகம் இடிக்கிறது, அதனால் முன்பக்கம் ஆழமாகவும் பின்பக்கம் குறைவாகவும் தோண்டினேன். கழுத்துப் பக்கம் தாழ்ந்தது. கூர்மையான மூலை ஒன்றுகூட விடவில்லை. அசைகிற உடம்பைப் பார்க்கிற விளிம்பு எதுவானாலும் அதைச் சூடாக்கி வெளிப்பக்கம் சுருட்டினேன். அதன் மேல் மோட்டார் டயரின் பழைய டியூபைக் கீறிப் போர்த்தித் தைத்தேன். வெட்டுவது சுலபம். எங்கே நிறுத்துவது என்பதுதான் வேலை. அதிகம் வெட்டினால் கவசம் கழுத்துப்பட்டியாகிவிடும்.

வர்ணம் அடித்து உலரப் போட்டிருந்தபோது செல்லையா மாமா வந்தார். குனிந்து, விளிம்பைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"என்னாடா புனிதா, மெத்த மாதிரி இருக்கு?"

"போட்டுப் பாக்குறீங்களா மாமா?"

"வேணாம். வலிக்காத வேஷம் ஒரு வேண்டுதலா? பாசார் மாலாம் ராத்திரிக் கடையில சின்னப் பிள்ளைக்கு வாங்கிக் குடுக்குற சட்ட மாதிரி செஞ்சு வச்சிருக்க."

"வலிதான் வேண்டுதல்னா கவசம் எதுக்கு? நேரா கத்தியாலேயே கீறிக்கலாமே."

"வாய மூடுடா," என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து. தேத்தண்ணியோடு வெளியே வந்து அவர் கையில் கொடுத்தாள். "மாமா, வலி வேணும்னா என்கிட்ட நெறைய இருக்கு. முட்டி வலி, முதுகு வலி, மிஷின் ஆட்டி ஆட்டி மணிக்கட்டு வலி. வீரனுக்கு எது வேணுமோ அத எடுத்துக்கட்டும். அக்குள் வலி மட்டும் எதுக்கு ஸ்பெசலா?"

அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "மேல ஏறுறப்ப தெரியும்," என்று சொல்லிப் போனார். அவர் கெட்டவர் இல்லை. தன் தழும்பு வீணாகப் போய்விடுமோ என்கிற பயம் அவருக்கு. அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பனிமூட்டத்தில் அவளை மேட்டுக்காடு வரை ஏற்றி இறக்கினேன். திரும்பி வந்து, "ஒன்னும் இல்லடா. போட்டிருக்கிறதே மறந்து போச்சு," என்றாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

திருவிழாக் காலையில் எங்கள் தப்பு தெரிந்தது.

வேஷம் போடுகிறவருக்கு முதலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றவேண்டும். கோயில் குழாயடியில் அக்கா மஞ்சள் சேலையில் நின்றாள். யுவனேஸ்வரியும் மற்றப் பெண்களும் குடம் குடமாக ஊற்றினார்கள். குளிரில் அவள் பல் கிட்டிப்போனது. அந்த ஈரத்தோடு வந்து கவசத்துக்குக் கையை நீட்டினாள். தோளில் வைத்துப் பக்கவாட்டு வார்களை இழுத்துக் கட்டினேன். கவசம் தொளதொளவென்று ஆடியது.

"எறங்குதுடா," என்றாள்.

ஸ்வெட்டர் போட்ட வீரன் எந்த ஊரிலும் கிடையாது. அதை நான் யோசிக்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை. இந்த மலையில் கண் விழித்தால் ஸ்வெட்டர், வேலைக்கும் அதே, கோயிலுக்கும் அதே. எங்களுக்கு அது தோல் மாதிரி. தோலைக் கழற்றிவைத்துவிட்டு அளவெடுக்க யாருக்குத் தோன்றும்? ஒவ்வொரு கோட்டையும் அந்தக் கம்பளித் தடிப்பின் மேல் வைத்துத்தான் நான் வெட்டியிருந்தேன். இப்போது அந்தத் தடிப்பு இல்லை. தோளில் கவசம் இறங்கி, அடி விளிம்பு தொடையில் உட்கார்ந்தது. காலைத் தூக்கினால் இடித்தது. தோள் வாரை ஏற்றிக் கட்டினேன். அடி விளிம்பு மேலே போனது, கையிடம் அக்குளில் ஏறி உட்கார்ந்தது. விட்டால் தொடை, இழுத்தால் அக்குள். ஈர உடம்பில் தேய்ந்தால் மேடு பாதி ஏறுவதற்குள் தோல் உரிந்துவிடும்.

வெளியே உறுமிக்காரர்கள் தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரம் மகேனின் லோரி நின்றது. பின்னால் வீரன் படம் மாலையோடு தயாராக இருந்தது. செல்லையா மாமாவின் ஏற்பாடு. மகேன் என்னைப் பார்த்து, நான் என்ன செய்ய என்பதுபோல் கையை விரித்தான்.

"என்னா, நேரமாவுது," என்று மாமா எட்டிப் பார்த்தார். அக்கா நின்ற நிலையைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "படத்தோட லோரியக் கெளப்பச் சொல்லவா?"

"படம் அங்கேயே இருக்கட்டும் மாமா," என்றாள் அக்கா.

நான் தோளுக்குள் துண்டுகளைத் திணித்தேன். ஈரத்தில் அவை அமுங்கி நழுவின. மறுபடி திணித்தேன்.

"தோள விடுடா," என்றாள் அவள். "தோளுல எதுக்குத் தொங்கவிடுற? நாங்க காட்டுல எதுல தூக்குறோம்?"

காலையில் தேயிலைச் செடி முழுக்க ஈரமாக இருக்கும். பெண்கள் இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் படுதாவைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள். கயிறு அறுக்காமலிருக்க அதற்குள் பழைய சேலையைக் கயிறுபோல் திரித்துச் சுற்றியிருப்பார்கள். அந்தச் சுற்றின் மேல் எந்தப் பாரமும் உட்காரும். தினமும் பார்க்கிற விஷயம். என் மூளை தோளிலேயே நின்றுவிட்டிருந்தது.

யுவனேஸ்வரி ஓடிப்போய் ஒரு நூல் சேலையைக் கொண்டுவந்தாள். இரண்டு பேர் முனையைப் பிடித்து முறுக்க, அக்கா தானே சுற்றிச் சுற்றி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "இறுக்கு. இன்னும் இறுக்கு. மூச்சு எனக்கு வருது, ஒனக்கு ஏன் முட்டுது?" என்று யுவனேஸ்வரியை அதட்டினாள். நான் கவசத்தை அதன் மேல் இறக்கினேன். இடுப்புச் சுற்றில் அது வந்து உட்கார்ந்தது. தோள் வார்களில் விரல் நுழைகிற அளவு தொய்வு. அவள் கையைத் தூக்கினாள். அக்குளில் காற்று ஓடியது.

தொடைதான் மிச்சம். கோயில் படியில் ஒரு காலை வைக்கச் சொன்னேன். முன்பக்க விளிம்பு இரண்டு தொடைகளிலும் இரண்டு விரல் அகலத்துக்கு அழுத்தியது. விளிம்போரம் மஞ்சளைத் தொட்டுக் கோடு போட்டேன்.

"கழட்டவா?" என்றாள்.

"கழட்டி மாட்ட நேரமில்ல. அப்படியே நில்லு. அந்தத் தட்டக் குடுங்க."

குங்குமம் வைத்திருந்த சில்வர் தட்டை யாரோ கவிழ்த்துக் கொடுத்தார்கள். அதைக் கவசத்துக்கும் அவள் தொடைக்கும் நடுவில் செருகினேன். பேனாக்கத்தியால் ஒரே கோட்டில் திரும்பத் திரும்பக் கீறினேன். பிளாஸ்டிக் நீலச் சுருளாக உதிர்ந்தது. கத்தி தட்டில் உரசும் ஒவ்வொரு தடவையும் யுவனேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு பக்கமும் பிறைபோல் துண்டு விழுந்தது. விளிம்பைக் கத்தியின் முதுகால் வழித்தேன், லைட்டரைக் காட்டி விரலால் உருட்டினேன். சாம்பிராணி வாசனையோடு பிளாஸ்டிக் கருகும் நாற்றம் கலந்தது. விரல் நுனி பொசுங்கியது. அதற்கு இப்போது நேரமில்லை.

"ஏறு."

ஏறினாள். இறங்கினாள். ஏறினாள்.

"சூடத்தக் காட்டு குகனு," என்றாள்.

சூடம் காட்டிவிட்டான். இனி நான் தொடமுடியாது.

உறுமி அதிரத் தொடங்கியதும் ஊர்வலம் கிளம்பியது. நான் அக்காவின் வலது பக்கம் நடந்தேன். இடது பக்கம் செல்லையா மாமா. அவர் பாதையைப் பார்க்கவில்லை. அவள் அக்குளையே பார்த்தார். நான் வார்களைப் பார்த்தேன், இடுப்பைப் பார்த்தேன், புதிதாக வெட்டிய விளிம்பைப் பார்த்தேன். டியூப் தைக்க நேரமில்லாத இடம் அது. என் கைகள் இரண்டையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வெளியே இருந்தால் அவை தானாகப் போய் எதையாவது சரிசெய்துவிடும்.

மழை வந்தது. சிவப்பு மண் வழுக்கியது. அக்கா அரிவாளைத் தலைக்கு மேல் ஓங்கி, உறுமி அடிக்கு ஏற்ப ஆடி ஆடி ஏறினாள். செடிகளுக்கு நடுவே நின்ற வங்காளதேசத்துத் தொழிலாளிகள் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். கை முழு உயரத்துக்குப் போனது. சிவசாமி அண்ணன் அரிவாளைக் காதுக்கு மேல் தூக்கி நான் பார்த்ததில்லை. இவள் வானத்தைக் கீறுகிற மாதிரி தூக்கினாள்.

பாதை முடிந்து தேயிலைக்குள் நுழைகிற செங்குத்தான இடத்தில் அவள் நின்றுவிட்டாள். ஆட்டம் நின்றது. உறுமியும் தடுமாறி நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் கரகத்தோடு வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். நான் அவள் தொடையைப் பார்த்தேன். வெட்டிய விளிம்புதான், அங்கேதான் கிழித்துவிட்டது என்று நினைத்தேன்.

"என்னாம்மா?" என்றார் செல்லையா மாமா. குரல் அவருக்கே தெரியாமல் இளகியிருந்தது. "முடியலயா?"

"தள்ளி நில்லுங்க மாமா," என்றாள் அக்கா. "என் நெரயில நிக்கிறீங்க. நான் எப்பவும் இந்த நெரயிலதான் ஏறுவேன். பக்கத்துல ஏறுனா கால் தப்பும்."

அவர் கீழே பார்த்தார். இரண்டு வரிசைச் செடிகளுக்கு நடுவே காலடி பதிந்து பதிந்து படியான மண்ணில் அவர்தான் நின்றிருந்தார். செடிக்குள் ஒதுங்கி வழிவிட்டார். வேட்டி முழுக்க ஈரம். உறுமி மறுபடி தொடங்கியது. அவள் இயந்திரம் தூக்கி ஏறுகிற அதே நடையில், முன்னால் சாய்ந்து, பாதத்தை முழுதாகப் பதித்து ஏறினாள். முழங்கால் மார்பு வரைக்கும் வந்தது. விளிம்பு தொடவில்லை. அது தொடாமல் நழுவிப் போவதை ஒவ்வொரு அடியிலும் பார்த்தேன். இதைப்போல் ஒன்றை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்றுகூடச் சொல்வேன். என்னோடு நடந்தவர்களுக்கு அதில் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

மரத்தடியில் வீரன் கல்லைக் கழுவிப் பொட்டு வைத்திருந்தார்கள். பூசையில் வேஷக்காரர் கல்லுக்குப் பக்கத்தில் நிற்பார். பூசாரி செம்புத் தண்ணீரை உயரத் தூக்கி அவர் வாயில் ஊற்றுவான். வீரன் ஜாகா பார்க்கிறவர், எல்லைக் காவல்காரர், அதனால் உட்காரமாட்டார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். அக்கா மேலே வந்து சேர்ந்தாள், மூச்சு வாங்கினாள், மர வேரில் உட்கார்ந்தாள். ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கவிட்டு, கல்லில் செதுக்கியிருக்கிற வீரன் உட்கார்ந்திருப்பதைப் போலவே உட்கார்ந்தாள். குகனேஸ்வரன் செம்பைத் தூக்கியவன் அப்படியே நின்றான்.

"தலைவரே, ஒக்காந்துட்டாங்க."

எல்லோரும் செல்லையா மாமாவைப் பார்த்தார்கள். அவர் கல்லைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். தன் காலத்தில் தான் ஏன் உட்காரவில்லை என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்கவேண்டும். அந்தத் தகரத்தைப் போட்டுக்கொண்டு யாராலும் உட்கார முடியாது. அடி விளிம்பு வயிற்றில் குத்தும்.

"குனிஞ்சு குடுடா," என்றார்.

குகனேஸ்வரன் குனிந்து கொடுத்தான். பூசை முடிந்தது. கற்பூரத் தட்டு சுற்றி வந்தது. மழையும் விட்டது. பெண்கள் பொங்கல் பானையை இறக்கி வைத்தார்கள். முறைப்படி வேஷக்காரரின் கவசத்தைக் கழற்றுகிற நேரம் அது. சிவசாமி அண்ணனுக்கு இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, அவர் பல்லைக் கடித்துக்கொள்ள, யாராவது எண்ணெய்க் கிண்ணத்தோடு தயாராக நிற்பார்கள். இந்த வருஷமும் கிண்ணம் வந்திருந்தது. யுவனேஸ்வரி அதைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்குத் தடவுவது என்று தெரியாமல் நின்றாள். கடைசியில் என் பொசுங்கிய விரலில் தடவிவிட்டாள்.

செல்லையா மாமா அக்காவிடம் போனார்.

"ஏறிட்டம்மா. நடுவுல கழட்டல, சொன்ன சொல்லக் காப்பாத்திட்ட. போதும், கழட்டிடு."

அக்கா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கோத்துச் சோம்பல் முறித்தாள். கவசம் இடுப்பில் அசையாமல் இருந்தது.

"ஏன் மாமா, ஒங்களுக்கு வலிக்குதா?"

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன், முகத்தைத் திருப்பிக்கொண்டதால் சரியாகத் தெரியவில்லை. பிறகு என் பக்கம் வந்து நின்று, நடுவிரலால் காற்றில் ஒரு வளைவு போட்டுக் காட்டினார். "இந்தக் கையிடத்த முன்னாடி மட்டும் ஏன் அவ்வளவு ஆழமா தோண்டுன?"

"கை முன்னாடிதான் மாமா அதிகம் போவுது."

"ஆமா," என்றார்.

அக்கா எழுந்து பானைப் பக்கம் போனாள். கரண்டி வைத்திருந்த பெண்ணிடமிருந்து அதை வாங்கிக்கொண்டாள். வாழையிலை ஏந்தி வந்தவர்களுக்குக் குனிந்து குனிந்து அள்ளிப் போட்டாள். உறுமிக்காரர்கள், கரகம் தூக்கியவர்கள், கீழேயிருந்து ஏறி வந்த வங்காளதேசத்து ஆட்கள், லோரியைப் பூட்டிவிட்டு மூச்சிரைக்க வந்த மகேன். படம் கீழே லோரியிலேயே இருந்தது. மஞ்சள் சேலை, செம்பு நிறக் கவசம், நெற்றியில் வழிந்த குங்குமம். பானையின் அடியைத் துழாவ அவள் இடுப்பு வரைக்கும் வளைந்தாள். எந்த விளிம்பும் எங்கேயும் இடிக்கவில்லை.

நான் வரிசையில் கடைசியாக நின்றேன். என் முறை வந்தபோது அவள் இலையில் இரண்டு கரண்டி வைத்தாள்.

"கியாம்சாய் வாடை இன்னும் அடிக்குதுடா," என்றாள்.

நான் தலையாட்டினேன். அந்தக் கவசத்தை நான் வெட்டினேன். அதைப் போட்டுக்கொண்டு ஒருத்தி மலையேறி வந்து ஊருக்கே சோறு போட்டுக்கொண்டிருந்தாள். பானை காலியாகும்வரை அவள் அதைக் கழற்றவில்லை.